தந்தியின் பின்பாதி

உங்கள் வீட்டுக்கு எப்போதாவது தந்தி வந்ததுண்டா? 2013 ஜூலையோடு நம் நாட்டில் தந்தி சேவைக்கு மூடுவிழா நடத்தியாகிவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தந்தி என்றால் ஒரு நாளிதழின் பெயர்தான்! பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். தந்திக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே வயிறு கலங்கிவிடும். கவரைப் பிரிக்கும் முன்பே உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். வார்த்தைக்கு இவ்வளவு காசு என்பதால், துக்கத்தைக்கூட சிக்கனமாகத்தான் சொல்லியாக வேண்டும்.

1873 டிசம்பர் தொடக்கத்தில், வேல்ஸ் நாட்டு கார்டிஃப் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக்கு ஒரு தந்தி போனது. அட்லாண்டிக் கடலுக்கு அடியில் கேபிள் போட்டு ஏழு வருடங்கள்தான் ஆகியிருந்தன. தந்தியை அனுப்பியவர் அன்னா ஸ்பாஃபோர்ட் என்ற 31 வயதுப் பெண்மணி. பெற வேண்டியவர் அவருடைய கணவர், வக்கீல் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட்.

ஆரம்பமே இப்படி: 'நான் மட்டும் தப்பினேன்.'

அடுத்தாற்போல் ஒரு கேள்வி: 'நான் என்ன செய்யட்டும்?'

முன்பாதி உலகம் பூராவும் பரவிவிட்டது. பின்பாதியை அநேகம் பேர் கண்டுகொள்ளவில்லை. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்தப் பின்பாதியின் கதையைத்தான்.

இந்தத் தம்பதியின் கதையை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கலாம். 'இட் இஸ் வெல் வித் மை சோல்' என்ற கிறிஸ்தவப் பாடலின் பின்னணியாக, பிரசங்க மேடைகளில் நூறு வருடங்களுக்கும் மேலாகச் சொல்லப்படும் கதை. பணக்கார வக்கீல். மகன் செத்துப்போனான். தீ விபத்தில் சொத்து போனது. கப்பல் விபத்தில் நாலு பெண்களும் போனார்கள். மனிதர் அதே கடலில், அதே இடத்தில் நின்று 'என் ஆத்துமா நலமாயிருக்கிறது' என்று பாட்டு எழுதினார். முற்றும்! கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

நெஞ்சைத் தொடும் கதைதான். ஆனால் வரலாறு அங்கே முற்றும் போடவில்லை. சம்பவங்கள் நடந்த வரிசையும் அது இல்லை. வரிசையைச் சரியாகப் போட்டுப் பார்த்தால் கதையின் அர்த்தமே மாறிவிடுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட் 1828-ல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். சிகாகோவுக்கு வந்து வக்கீலாகக் காலூன்றினார். பிரெஸ்பிடேரியன் சபையில் முக்கியப் புள்ளி. அன்றைக்கு அமெரிக்காவையே கலக்கிக்கொண்டிருந்த பிரசங்கியார் டி.எல்.மூடி அவருக்கு நெருங்கிய நண்பர். அன்னா நார்வே நாட்டின் ஸ்டவாங்கரில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்கா வந்தவர். 1861-ல் இருவருக்கும் திருமணம். வரிசையாக நான்கு பெண் குழந்தைகள். ஆனி, மேகி, பெஸ்ஸி, டனெட்டா.

1871-ல் சிகாகோவின் வடக்கே நிலங்களை வாங்கிப் போட்டார் ஸ்பாஃபோர்ட். 'நகரம் வளருது, விலை ஏறும்' என்ற கணக்கு. நம்மூர் ரியல் எஸ்டேட் கணக்குதான்! அதே வருடம் அக்டோபர் 8-ம் தேதி இரவு சிகாகோ பற்றிக்கொண்டது. மூன்று நாட்கள் எரிந்த தீயில் சுமார் 300 பேர் இறந்தார்கள். பதினேழாயிரத்துச் சொச்சம் கட்டடங்கள் சாம்பல். ஒரு லட்சம் பேர் நடுத்தெருவில். (ஓ'லியரி என்ற அம்மாளின் மாடு லாந்தரை உதைத்ததால்தான் தீப்பிடித்தது என்று ஊரே பழிபோட்டது. 126 வருடம் கழித்து, 1997-ல் சிகாகோ நகர மன்றம் அந்த அம்மாளையும் மாட்டையும் குற்றமற்றவர்கள் என்று தீர்மானம் போட்டு விடுவித்தது!)

ஸ்பாஃபோர்டின் பணமெல்லாம் அந்த நிலங்களில் முடங்கிப்போனது. வீடு தப்பியது. வீடிழந்தவர்களுக்கு உதவி செய்வதில் கணவனும் மனைவியும் இறங்கினார்கள். இரண்டு வருட ஓட்டத்தில் அன்னாவின் உடம்பு தளர்ந்துபோனது. 'கொஞ்ச நாள் ஐரோப்பா போய் இருந்துட்டு வரலாம்' என்று முடிவானது. மூடியும் அப்போது பிரிட்டனில் கூட்டங்கள் நடத்திக்கொண்டிருந்தார். குடும்பத்தோடு கிளம்பும் நேரத்தில் ஸ்பாஃபோர்டுக்கு அவசர வேலை. 'நீங்க முன்னாடி போங்க, பின்னாலயே வந்துடறேன்' என்று மனைவியையும் பிள்ளைகளையும் கப்பலேற்றிவிட்டார்.

கப்பலின் பெயர் 'வில் து ஹாவ்ர்'. பிரெஞ்சுக்காரர்களின் ஆடம்பரக் கப்பல். 1873 நவம்பர் 15-ம் தேதி 313 பேருடன் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டது. 22-ம் தேதி அதிகாலை சுமார் இரண்டு மணி. எல்லோரும் தூக்கத்தில் இருந்தபோது, நடுக்கடலில் 'லாக் எர்ன்' என்ற இரும்புப் பாய்மரக் கப்பல் குறுக்கே வந்து மோதியது.

பன்னிரண்டே நிமிடம். அதற்குள் கப்பல் கடலுக்கடியில்!

பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு தாய் என்ன செய்ய முடியும்? குழந்தைகளை எழுப்பி, மேல்தளத்துக்குக் கூட்டிவரலாம். கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கலாம். அன்னா அதைத்தான் செய்தார். மூத்தவளுக்கு 11 வயது. கடைசிக் குழந்தைக்கு 2 வயது. அது அம்மாவின் கையில் இருந்தது. கப்பல் அமிழ்ந்த வேகத்தில் தண்ணீர் அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. அன்னா நினைவிழந்த நிலையில் ஒரு பலகையின் மேல் கிடந்தார். படகில் வந்தவர்கள் தூக்கிக் காப்பாற்றினார்கள்.

இறந்தவர்கள் 226 பேர். பிழைத்தவர்கள் 87 பேர். மோதிய கப்பலே ஓட்டையாகிவிட்டதால், பிழைத்தவர்களை அந்த வழியாக வந்த ஒரு அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டு டிசம்பர் 1-ம் தேதி கார்டிஃபில் இறக்கியது. அங்கிருந்துதான் அந்தத் தந்தி.

அந்தத் தந்தி இப்போதும் இருக்கிறது. வாஷிங்டனில், லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதை முழுதாகப் படித்தால் இன்னொன்றும் தெரியவரும். 'நான் மட்டும் தப்பினேன், என்ன செய்யட்டும்' என்பதோடு அன்னா நிறுத்தவில்லை. கூடவே பயணம் செய்த இன்னொரு தாயும் பிள்ளைகளும் போய்விட்டார்கள், தங்களை நம்பி அனுப்பப்பட்ட ஒரு சிறுவனும் போய்விட்டான் என்ற செய்தியும் அதில் இருக்கிறது. பதில் வரும்வரை தப்பிப் பிழைத்த ஒரு பிரெஞ்சு போதகருடன் போகிறேன், பாரிஸில் இன்ன விலாசத்துக்குப் பதில் போடுங்கள் என்றும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். நான்கு குழந்தைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கரையேறிய பெண், காசு கொடுத்து அனுப்பும் தந்தியில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் செய்திக்கும் இடம் ஒதுக்குகிறார். அவர்களைப் பெற்றவர்களும் காத்திருப்பார்களே! 'கடவுள் மேல் பாரத்தைப் போடுவது' என்றால் என்ன என்று மேடைகளில் மணிக்கணக்கில் விளக்குகிறார்கள். எனக்கு இந்தத் தந்தியே போதும் என்று தோன்றுகிறது.

ஸ்பாஃபோர்ட் அடுத்த கப்பலில் கிளம்பினார். பயணத்தின் நடுவில், விபத்து நடந்த இடத்தைக் கப்பல் கடந்தது. மனைவியின் சகோதரிக்கு அவர் எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிடுகிறார். அந்த இடத்தில் கடல் மூன்று மைல் ஆழமாம். ஆனால் தன் செல்லங்களை அந்தத் தண்ணீருக்குள் அவர் நினைத்துப் பார்க்கவில்லை. ஆட்டுக்குட்டிகள் பட்டியில் இருப்பதுபோல அவர்கள் பத்திரமாக இருக்கிறார்கள் என்கிற தொனியில் எழுதியிருக்கிறார்.

புகழ்பெற்ற பாட்டை அன்றிரவே கப்பல் அறையில் எழுதினார் என்பது அவருடைய குடும்பத்தார் சொல்லிவந்த செய்தி. ஆனால் மூடியின் பாடகர் சாங்கி தன் நினைவுக் குறிப்பில் வேறு மாதிரி சொல்கிறார். 1876-ல் தான் சிகாகோவில் ஸ்பாஃபோர்ட் வீட்டில் தங்கியிருந்த சமயத்தில்தான் அவர் அதை எழுதினார் என்கிறார். இன்றைக்கும் இருக்கும் கையெழுத்துப் பிரதி, ஒரு ஹோட்டலின் பெயர் அச்சடித்த காகிதத்தில் இருக்கிறது.

எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. அன்றைக்குக் கடலில் எழுதியிருந்தால் அது அதிர்ச்சியின் பாட்டு. மூன்று வருடம் கழித்து, காலியான நான்கு கட்டில்களைத் தினமும் பார்த்துக்கொண்டே எழுதியிருந்தால் அது வேறு விஷயம், இல்லையா?

பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் பிலிப் பிளிஸ். மெட்டுக்கு அவர் வைத்த பெயர் 'வில் து ஹாவ்ர்'. குழந்தைகளை விழுங்கிய கப்பலின் பெயரேதான். பாட்டு 1876-ல் அச்சேறியது. அந்த வருடம் டிசம்பர் 29-ம் தேதி, ஒஹையோ மாநிலத்தில் ஆஷ்டபுலா என்ற இடத்தில் ரயில் பாலம் இடிந்து விழுந்தது. இறந்தவர்களில் பிளிஸும் அவர் மனைவியும் உண்டு. பாட்டோடு சம்பந்தப்பட்ட எவரையும் துயரம் விட்டுவைக்கவில்லை பாருங்கள்.

இனிமேல்தான் பிரசங்கங்களில் அதிகம் சொல்லப்படாத பகுதி.

அன்னா மறுபடி கருவுற்றார். 1875-ல் மகன் பிறந்தான். அப்பாவின் பெயரையே வைத்தார்கள். 1878-ல் பெர்தா என்ற மகள். வீட்டில் மறுபடி குழந்தைச் சத்தம். 'கடவுள் கண்ணைத் திறந்துட்டார்' என்று ஊரும் உறவும் நிம்மதியடைந்திருக்கும்.

1880 பிப்ரவரி. ஸ்கார்லெட் காய்ச்சல். நான்கு வயது மகன் போய்விட்டான்.

பிரபலமான கதையில் இந்த மரணத்தை முன்னால் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். ஏன் தெரியுமா? அப்போதுதான் எல்லாத் துக்கமும் முடிந்த பிறகு, கடைசியில் பாட்டு வரும். கதை கச்சிதமாக முடியும். நடந்ததோ தலைகீழ். 'எல்லாம் நலமே' என்று எழுதி, அதற்கு மெட்டுப் போட்டு, ஊரெல்லாம் பாட ஆரம்பித்து, நான்கு வருடம் கழித்து ஐந்தாவது குழந்தையையும் சாவு கொண்டுபோகிறது.

முதல் இழப்பைத் தாங்குவது ஒரு சோதனை. விசுவாசத்தை ஊரறியப் பாடியும் காட்டிவிட்டு, பிறகு மறுபடி அடிவாங்குவது வேறு சோதனை. இப்போது என்ன பாடுவது?

துக்கம் கேட்க வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? நம் ஊரில் மட்டும்தான் 'எந்த ஜென்மத்துப் பாவமோ' என்று பேசுவார்கள் என்று நினைக்காதீர்கள். சிகாகோவிலும் பேசினார்கள். 'இத்தனை அடி ஒரே வீட்டில் விழுகிறதென்றால் இவர்கள் ஏதோ தப்பு செய்திருக்கவேண்டும்' என்று சபைக்குள்ளேயே முணுமுணுப்பு. பைபிளில் யோபுவின் கதை படித்திருக்கிறீர்களா? சொத்து, பிள்ளைகள், உடல்நலம் எல்லாம் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருப்பவனிடம் மூன்று நண்பர்கள் வந்து, 'நீ பாவம் செய்திருப்பாய், ஒப்புக்கொள்' என்று பக்கம் பக்கமாக வாதாடுவார்கள். கடைசியில் கடவுள் கோபித்துக்கொள்வது புலம்பிய யோபுவை அல்ல, விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான் குற்றவாளியாக்குவார். அந்தப் புத்தகத்தை வாரா வாரம் வாசித்தவர்கள்தான் ஸ்பாஃபோர்ட் வீட்டு வாசலில் நின்று அந்த நண்பர்களின் வேலையைச் செய்தார்கள்!

குழந்தைகளைத் தண்டித்துப் பெற்றவர்களைத் திருத்துகிறவரா கடவுள்? ஸ்பாஃபோர்டால் அதை ஏற்கமுடியவில்லை. நித்திய நரகம் என்ற போதனையையே அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சபையோடு உறவு முறிந்தது. அவரை ஒத்துக்கொண்ட சிலர் அவர் வீட்டிலேயே கூட ஆரம்பித்தார்கள்.

இன்னொரு பக்கம் கடன். தீ விபத்தில் விழுந்த ஓட்டை அடைபடவே இல்லை. மற்றவர்கள் நம்பி ஒப்படைத்த பணமும் அந்த ஓட்டையில் போய்விட்டது என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை மறைத்து அவரை மகானாக்கிவிட வேண்டியதில்லை. பாட்டு எழுதியவர் கடனாளியும்தான்.

1881 ஜனவரியில் இன்னொரு மகள், கிரேஸ் பிறந்தாள். அந்த ஆகஸ்டில் 13 பெரியவர்களும் 3 குழந்தைகளும் அடங்கிய ஒரு சின்னக் கூட்டம் சிகாகோவை விட்டுப் புறப்பட்டது. போகும் இடம்... ஜெருசலேம்!

ஆம், கடலில் நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த அன்னா மறுபடி கப்பலேறினார். கையில் ஏழு மாதக் குழந்தை, பக்கத்தில் மூன்று வயது பெர்தா.

எதற்காக? இயேசுவின் வருகை சமீபித்துவிட்டது என்று நம்பினார்கள். அவர் நடந்த மண்ணில் ஆரம்பகால கிறிஸ்தவர்களைப்போல எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழவேண்டும், துன்பப்படுகிறவர்களுக்கு உதவவேண்டும் என்பது எண்ணம். பழைய நகரத்தின் மதிலை ஒட்டி, டமாஸ்கஸ் வாசலுக்கு அருகில் ஒரு வீட்டில் குடியேறினார்கள். துருக்கி சுல்தானின் ஆட்சி அது. 'அமெரிக்கன் காலனி' என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்தார்கள்.

ஒரு விஷயத்தில் இவர்கள் மற்ற மிஷனரிகளிலிருந்து வித்தியாசமானவர்கள். யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. நோயாளி என்றால் பார்த்துக்கொள்வது, பசி என்றால் சோறு போடுவது. அவ்வளவுதான். முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர் என்று மூன்று தரப்பும் இவர்கள் வீட்டுக்குள் வந்துபோனார்கள். 1882-ல் ஏமன் நாட்டிலிருந்து கையில் காசில்லாமல் வந்து சேர்ந்த ஏழை யூதர்களை உள்ளூர் ஆட்களே சந்தேகமாகப் பார்த்தபோது, சாப்பாடும் மருந்தும் கொடுத்து ஆதரித்தது இந்தக் காலனிதான்.

ஜேக்கப் என்ற ஓர் உள்ளூர்ப் பையனை ஸ்பாஃபோர்ட் தம்பதி மகனாகவே ஏற்றுக்கொண்டார்கள். இந்தப் பையன் சாதாரண ஆள் இல்லை. 1880-ல், எசேக்கியா ராஜா காலத்துச் சுரங்கக் கால்வாயில் விளையாட்டாக நுழைந்து, சுவரில் இருந்த பழைய எபிரேயக் கல்வெட்டைக் கண்டுபிடித்தவன்! சீலோவாம் கல்வெட்டு என்று தொல்பொருள் உலகம் கொண்டாடுகிற அந்தக் கல் இன்று இஸ்தான்புல் மியூசியத்தில் இருக்கிறது.

1888 அக்டோபரில் ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட் மலேரியாவில் இறந்தார். அறுபது வயது நிறைய நான்கு நாட்கள் இருந்தன. சீயோன் மலையில் அடக்கம் செய்தார்கள்.

பாட்டு எழுதியவரின் கதை முடிந்தது. தந்தி அனுப்பியவரின் கதை இன்னும் 35 வருடம் நடக்கப்போகிறது.

காலனி இப்போது அன்னாவின் கையில். 1896-ல் ஸ்வீடன் நாட்டு நோஸ் என்ற கிராமத்திலிருந்து விவசாயக் குடும்பங்கள் நிலபுலன்களை விற்றுவிட்டு இவர்களோடு வந்து சேர்ந்தன. (இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டு நேரில் வந்து பார்த்த எழுத்தாளர் செல்மா லாகர்லெவ், 'ஜெருசலேம்' என்று ஒரு நாவலே எழுதினார். 1909-ல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான்.) இடம் போதாமல் மதிலுக்கு வெளியே ஒரு பெரிய மாளிகைக்குக் குடிபோனார்கள். அந்த மாளிகை இன்று புகழ்பெற்ற அமெரிக்கன் காலனி ஹோட்டல்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும். அன்னா தனக்குக் கடவுளிடமிருந்து நேரடியாகச் செய்தி வருவதாக நம்பினார். அவர் சொன்னதே சட்டம். காலனிக்குள் திருமணமே கூடாது என்று பல வருடங்கள் தடை இருந்தது. எத்தனையோ இளைஞர்களின் ஆசை அந்தத் தடையில் கருகியது. 1904-ல்தான் தடை நீங்கியது. அமெரிக்கத் தூதரகத்தோடு பகை, சிகாகோ உறவினர்களோடு கோர்ட் வழக்கு என்று வம்புகளுக்கும் குறைவில்லை.

கடவுளைச் சார்ந்திருப்பது வேறு. தன் குரலையே கடவுளின் குரல் என்று நினைத்துக்கொள்வது வேறு. ஆழமான துயரம் மனிதர்களை இந்த இரண்டில் எந்தப் பக்கமும் தள்ளிவிடும். அன்னாவை இரண்டு பக்கமும் தள்ளியது. ஆனால் ஊரே சாகக் கிடந்தபோது அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

முதல் உலகப் போர் வந்தது. 1915 மார்ச்சில் வானத்தை மறைத்துக்கொண்டு வெட்டுக்கிளிகள் வந்து இறங்கின. பச்சை என்று ஒன்றையும் விடவில்லை. மரப்பட்டையைக்கூடத் தின்றன. (காலனியின் போட்டோகிராஃபர்கள் அதை அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களை இன்றைக்கும் பார்க்கலாம், உடம்பு கூசும்.) பிறகு பஞ்சம். பின்னாலேயே டைஃபஸ் காய்ச்சல். ஆண்களையெல்லாம் துருக்கி ராணுவம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. தெருவில் பெண்களும் குழந்தைகளும் எலும்புக்கூடாக.

காலனி கஞ்சித்தொட்டி திறந்தது. தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் தகர டப்பாக்களோடு வரிசையில் நின்றார்கள். நீ எந்த மதம், எந்த நாடு என்ற கேள்வி இல்லை. அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். முதலில் துருக்கிச் சிப்பாய்கள், பிற்பாடு ஆங்கிலேயச் சிப்பாய்கள். புண்ணுக்குக் கட்டுப்போடும்போது சீருடையின் நிறத்தைப் பார்க்கவில்லை.

1917 டிசம்பர் 9. துருக்கியர்கள் இரவோடு இரவாக நகரத்தைக் காலிசெய்துவிட்டார்கள். காலையில் ஜெருசலேம் மேயர் ஹுசேன் அல் ஹுசைனி அமெரிக்கன் காலனிக்கு வந்து, ஆங்கிலேயரிடம் நகரத்தை ஒப்படைக்கப் போகும் செய்தியை அன்னாவிடம் சொன்னார். சரணடைய வெள்ளைக் கொடி வேண்டுமே? காலனி நடத்திய ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்பைத்தான் கழியில் கட்டிக்கொண்டு போனார்கள்! முதலில் அவர்கள் கண்ணில் பட்டது, முகாமிலிருந்து வழிதவறி வந்த இரண்டு ராணுவச் சமையல்காரர்கள். 'ஐயா, நகரத்தை வாங்கிக்கொள்ளுங்கள்' என்றால் பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்? வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்! அப்புறம் இரண்டு சார்ஜென்ட்கள் வந்தார்கள். மேயர் அவர்களோடு நிற்கும் புகைப்படத்தை எடுத்தவர் காலனிக்காரர்தான். புனித நகரத்தின் சரித்திரத்தையே மாற்றிய அந்தப் படுக்கை விரிப்பு லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது.

1923 ஏப்ரலில் அன்னா ஸ்பாஃபோர்ட் இறந்தார். ஏழு பெற்று ஐந்தைப் பறிகொடுத்தவர். 81 வயது. அதன்பின் காலனி அதிக நாள் ஒற்றுமையாக இல்லை. பங்காளிச் சண்டைபோல வழக்கும் வம்புமாகி, அந்தக் கூட்டு வாழ்க்கை 1930-களில் கலைந்தது.

அப்படியானால் மிஞ்சியது என்ன? பாட்டு மட்டும்தானா?

சூனேமிய ஊர்க்காரி ஒருத்தியின் கதை பைபிளில் வரும். ஒரே மகன் மடியிலேயே இறந்துபோனான். அவனைப் படுக்கையில் கிடத்திவிட்டு எலிசா தீர்க்கதரிசியைத் தேடி ஓடுகிறாள். 'பிள்ளை சுகமா?' என்று எதிரே வந்த வேலைக்காரன் கேட்கிறான். அவள் 'சுகம்தான்' என்கிறாள். ஆனால் தீர்க்கதரிசியைப் பார்த்ததும் காலைக் கட்டிக்கொண்டு, 'நானா உங்களிடம் பிள்ளை கேட்டேன்?' என்று வெடிக்கிறாள். ஒரே வாய்தான். 'சுகம்தான்' என்றதும் அதுதான், 'ஏன் இப்படிச் செய்தீர்' என்று சண்டை போட்டதும் அதுதான். விசுவாசம் உள்ளவர்களுக்கு அழுகை வராது, கேள்வி வராது என்று யார் சொன்னது? அவள் செய்த ஒரே காரியம், கேள்வியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டிய இடத்துக்கு ஓடியதுதான்.

அன்னாவின் தந்தியும் அப்படித்தான். 'தப்பினேன்' என்பது செய்தி. 'நான் என்ன செய்யட்டும்' என்பது கணவரிடம் கேட்ட கேள்வி. ஆனால் வாழ்நாள் பூராவும் அவர் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருந்ததும் அதையேதான் என்று தோன்றுகிறது. 'ஏன் எனக்கு இப்படி?' என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் கிடைத்ததாகத் தெரியவில்லை. 'என்ன செய்யட்டும்?' என்பதற்குப் பதில் தினமும் வாசலில் வந்து நின்றது. ஏமனிலிருந்து வந்த யூதனாக, தகர டப்பாவோடு நின்ற முஸ்லிம் பெண்ணாக, காலில்லாத சிப்பாயாக.

உங்களுக்கும் எனக்கும் எப்போதாவது அப்படியொரு காலம் வரும். அப்போது யாராவது வந்து, 'பாட்டுப் பாடு, துக்கம் போயிடும்' என்று சொன்னால் நம்பவேண்டாம். ஸ்பாஃபோர்ட் குடும்பத்துக்கே அது போகவில்லை. ஆனால் துக்கத்தைச் சுமந்துகொண்டே அடுத்தவருக்குக் கஞ்சி ஊற்ற முடியும் என்பதற்கு அந்தக் குடும்பம் சாட்சி.

அன்னா இறந்து இரண்டு வருடம் கழித்து நடந்த ஒரு சம்பவத்தை அவர் மகள் பெர்தா எழுதிவைத்திருக்கிறார். 1925 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். பெத்லகேமில் பாட்டுப் பாடப் புறப்பட்டுக்கொண்டிருந்த பெர்தாவின் எதிரே, ஒரு கிராமத்து ஆள், நோயாளி மனைவி, துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை. வெகுதூரம் கழுதையில் வந்திருக்கிறார்கள். பண்டிகை என்பதால் ஆஸ்பத்திரியில் பார்க்கவில்லை. யாரோ ஒரு மரியாளின் கதையைப் பாடப் போய்க்கொண்டிருக்கிறோம், இங்கே ஒரு மரியாள் நிற்கிறாளே என்று பெர்தாவுக்கு உறைத்தது. சொல்லிப் பேசி அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்றிரவே அவள் இறந்துபோனாள். மறுநாள் கிறிஸ்துமஸ். குழந்தையோடு வந்து நின்றார் அந்த ஆள். 'நான் குகையில் வசிக்கிறவன், அங்கே கொண்டுபோனால் இது பிழைக்காது, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார்.

பெர்தா வாங்கிக்கொண்டார். நோயல் என்று பெயர் வைத்தார். கொஞ்ச நாளில் இன்னும் இரண்டு குழந்தைகள் வந்து சேர்ந்தன. அப்பாவும் அம்மாவும் 1881-ல் வந்து இறங்கிய மதிலோரத்துப் பழைய வீட்டைத் திறந்து, 'அன்னா ஸ்பாஃபோர்ட் குழந்தைகள் இல்லம்' என்று பெயர்ப்பலகை மாட்டினார்.

அது பிற்பாடு குழந்தைகள் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆட்சிகள் மாறின. போர்கள் வந்துபோயின. 1968-ல் பெர்தாவும் போய்விட்டார். ஆனால் டமாஸ்கஸ் வாசல் பக்கம் அந்த வீடு 'ஸ்பாஃபோர்ட் குழந்தைகள் மையம்' என்ற பெயரில் இன்னும் இயங்குகிறது. உடம்பு சரியில்லாத, மனம் உடைந்த பாலஸ்தீனக் குழந்தைகள் இன்றும் அந்தப் படியேறி வருகிறார்கள். வாசலில் இருக்கும் பெயர் யாருடையது, அட்லாண்டிக் கடலில் என்ன நடந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை.